வில்லுக்கான மரக்கட்டையைத் தயார் செய்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒட்டு எதுவும் இல்லாமல் ஒரே மரத்துண்டில் செதுக்கும் வில்லுக்கு, மரம் வெட்டும் நாள் முதல் கட்டை காய்ந்து கைக்கு வரும் நாள் வரை என்ன செய்ய வேண்டும் என்பதே இங்கே பேசப்படுகிறது. வில்லைச் செதுக்கும் முறை தனிக் கதை. ஆனால் முறிந்த வில்லை எடுத்துப் பார்த்தால், பழுது பெரும்பாலும் செதுக்குவதற்கு முன்பே தொடங்கியிருப்பது தெரியும்: முதுகில் நார் அறுபட்டிருக்கும், அல்லது மரத்தில் ஈரம் கூடுதலாகவோ குறைவாகவோ இருந்திருக்கும்.

இரண்டு சொற்களை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வில்லில் இலக்கைப் பார்த்த பக்கம் முதுகு. எய்பவரைப் பார்த்த பக்கம் வயிறு. நாணை இழுக்கும்போது முதுகு இழுபடும், வயிறு நெருக்குண்ணும். கட்டை தயாரிப்பில் செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் காரணம் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்.

எந்த மரம் வில்லுக்கு ஏற்றது?

வட அமெரிக்காவில் முதலில் சொல்லப்படும் பெயர் ஓசேஜ் ஆரஞ்சு. டெக்சஸ், ஓக்லஹோமா, அர்கன்சா மாநிலங்களைத் தொட்டு ஓடும் ரெட் ஆற்றுப் பகுதிதான் இதன் தாயகம். பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு வைத்த 'புவா தார்க்' என்ற பெயருக்கே வில் மரம் என்றுதான் பொருள். 1804இல் ஆய்வுப்பயணி மெரிவெதர் லூயிஸ் இம்மரத்தின் கிளைத்துண்டுகளை அமெரிக்க ஜனாதிபதி ஜெஃபர்சனுக்கு அனுப்பியபோது, பழங்குடி மக்கள் வில்லுக்காக இதைத் தேடி வெகுதூரம் போவார்கள் என்று எழுதினார். இது நம் பலாவுக்கும் முசுக்கட்டைக்கும் உறவு மரம். வெட்டியதும் பலா வைரத்தைப் போலவே மஞ்சளாக இருக்கும். (மரத்தின் உட்புறமுள்ள கெட்டியான பகுதிதான் வைரம்.) வெயில் பட்டால் பழுப்பாகும். இழுப்பையும் நெருக்கலையும் ஒருசேரத் தாங்குவதால் குறுகலான கையிலும் (பிடிக்கு இருபுறமும் வளையும் பகுதியே வில்லின் கை) நல்ல வில் அமையும்.

ஹிக்கரி, ஆஷ், எல்ம், மேப்பிள் ஆகியவற்றை வில் செய்பவர்கள் வெள்ளை மரங்கள் என்று ஒரே வகையில் சேர்ப்பார்கள். இவற்றில் வெளிறே வில்லாகிறது. (தச்சர்கள் 'வெள்ளை' என்று சொல்லும், பட்டைக்கு உட்புறமுள்ள வெளிர்ப்பகுதிதான் வெளிறு.) ஹிக்கரியின் முதுகு எளிதில் அறுபடாது, முதல் வில்லுக்கு அதைவிடப் பொறுமையான மரம் இல்லை. ஆனால் காற்றின் ஈரத்தை வேகமாக வாங்கிச் சோம்பிவிடும். ஆஷ் சுத்தமாகப் பிளக்கும். எல்மில் நார் பின்னிக் கிடப்பதால் பிளப்பது பெரும்பாடு. ஆனால் வில்லான பிறகு அந்தப் பின்னலே அதற்குப் பலம். டென்மார்க்கின் ஹோல்மகார்ட் சதுப்பில் 1944இல் கிடைத்த, கி.மு. 7000ஐ ஒட்டிய காலத்து வில் எல்மில் செய்தது.

ஐரோப்பாவின் பெருமை யூ மரம். 1991இல் ஆல்ப்ஸ் பனியில் கிடைத்த, ஓட்ஸி என்று பெயரிட்ட பழங்கால மனிதனின் உடலுடன் இருந்த 1.82 மீட்டர் வில்லும், 1545இல் மூழ்கி 1982இல் தூக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலின் விற்களும் யூ மரத்தாலானவை. ஓட்ஸியின் வில் முடிக்கப்படாதது. செதுக்கிய தழும்புகள் அப்படியே தெரிகின்றன. இங்கிலாந்தில் யூ கட்டைக்கு இருந்த தட்டுப்பாட்டால், இறக்குமதிச் சரக்கு டன் ஒன்றுக்கு 4 வில்கட்டை கொண்டுவர வேண்டும் என்று 1472இல் சட்டமே போட்டார்கள். யூ மரம் நஞ்சு; அதன் தூளைச் சுவாசிக்கக் கூடாது. முகமூடி இல்லாமல் அதை இழைக்க வேண்டாம்.

நிற்கும் மரத்தில் எதைப் பார்த்துத் தேர்வது?

பட்டையைப் பாருங்கள். பட்டையின் வரிகள் நேர்குத்தாக ஏறினால் உள்ளே நாரும் நேராக இருக்கும். கயிறு போலச் சுற்றி ஏறினால் நாரும் அப்படியே சுற்றியிருக்கும். பிளந்த கட்டை விமான விசிறி போல முறுகிக் கிடக்கும். 6 அடி நீளத்தில் லேசான முறுக்கு பரவாயில்லை, சூடு காட்டித் திருத்தலாம். கால் சுற்றுக்கு வந்துவிட்டால் அந்த மரத்தை விட்டுவிடுங்கள்.

அடிமரத்தில் குறைந்தது 6 அடிக்குக் கிளையோ பெரிய கணுவோ இருக்கக் கூடாது. முடிந்தால் 6½ அடி வெட்டுங்கள். முனைகளில் சில அங்குலம் வெடிப்புக்குப் போய்விடும். விட்டம் 6 முதல் 10 அங்குலம் சௌகரியம். மெலிந்த மரத்தில் முதுகு கூன் போல உருண்டிருக்கும், இழுப்பு முழுவதும் கூனின் உச்சியில் விழும். தடித்த மரத்தில் முதுகு தட்டையாக அமையும், சுமை பரவும்.

சரிவில் சாய்ந்து வளர்ந்த மரத்தைத் தவிர்ப்பது நல்லது. அதன் மேற்பக்கமும் கீழ்ப்பக்கமும் வெவ்வேறு இறுக்கத்தில் வளர்ந்திருக்கும். பிளந்ததும் கட்டை தானாக வளையும்.

எந்தப் பருவத்தில் வெட்டுவது?

இரண்டு பருவமும் உதவும், காரணம்தான் வேறு. குளிரில் வெட்டினால் பூச்சித் தொல்லை குறைவு. ஆனால் பட்டை மரத்தோடு ஒட்டிக்கொண்டு வராது. இளவேனிலிலும் கோடைத் தொடக்கத்திலும் மரத்தில் சாறு ஏறியிருக்கும்போது, ஹிக்கரி, எல்ம், ஆஷ் பட்டை வாழை மட்டை போல உரிந்து வரும். உரிந்த இடத்தில் வெளிப்படும் வழவழப்பான பரப்பே வில்லின் முதுகு. கத்தி படவே வேண்டாம். வெள்ளை மரத்தை இந்தப் பருவத்தில் வெட்டுவதே எங்கள் விருப்பம். ஓசேஜுக்கு எந்தப் பருவமானாலும் சரி, எப்படியும் வெளிறைச் செதுக்கியெடுக்கப் போகிறோம்.

வெட்டியதும் முதல் வேலை என்ன?

முனைகளை அடைப்பது. அன்றைக்கே, முடிந்தால் மரம் விழுந்த இடத்திலேயே. மரத்தின் நீர் பக்கவாட்டில் வெளியேறுவதைவிட நார்வழியே முனையில் 10 மடங்குக்கும் மேலான வேகத்தில் வெளியேறும். முனை சுருங்கும், உட்பகுதி ஈரமாகவே இருக்கும், இரண்டுக்கும் நடுவில் வெடிப்பு. தச்சர் வெள்ளைப்பசை, எண்ணெய்ப் பெயின்ட், உருக்கிய மெழுகு, ஸ்பிரிட்டில் கரைத்த அவலரக்கு எல்லாமே உதவும். இரண்டு, மூன்று பூச்சு கொடுங்கள். வெட்டுமுகத்தோடு நிறுத்தாமல் பக்கத்திலும் 2 அங்குலம் வரை பூசுங்கள். ஒரு வாரம் கழித்துப் பூசினால் பயனில்லை. கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு அதற்குள் ஓடியிருக்கும்.

ரம்பத்தில் அறுக்கக் கூடாதா? ஏன் பிளக்க வேண்டும்?

ரம்பம் நேர்கோட்டில் போகும், நார் அப்படிப் போகாது. அறுத்த கட்டையின் விளிம்பில் நார் குறுக்கே வெட்டுப்பட்டு வெளியேறும். வில் வளையும்போது அங்கேதான் சிம்பு கிளம்பும். பிளவு நாரைப் பின்தொடர்ந்தே போகும். கட்டை பாம்பு போல நெளிந்திருந்தாலும் நார் முனைக்கு முனை அறுபடாமல் இருக்கும். நெளிந்த கட்டையில் நல்ல வில் செய்யலாம். நார் அறுந்த நேரான கட்டையில் முடியாது.

வேண்டியவை: 3 அல்லது 4 இரும்பு ஆப்பு, ஒரு சம்மட்டி, ஒரு கைக்கோடரி. வெட்டுமுகத்தில் நடுச்சோற்றின் (மரத்தின் மையத்திலுள்ள மென்பகுதி) வழியாக ஏற்கெனவே ஒரு சிறு வெடிப்பு இருந்தால் அதையே கோடாகக் கொள்ளுங்கள். கணுக்கள் இருக்கும் பக்கம் பிளவுக்கோட்டில் விழும்படி திட்டமிட்டால் நல்ல முகங்கள் முழுதாகக் கிடைக்கும். முனையில் முதல் ஆப்பை அடித்ததும் பக்கவாட்டில் விரிசல் ஓடும். அதில் அடுத்த ஆப்பை இறக்குங்கள், முதல் ஆப்பு தளரும், அதை எடுத்து இன்னும் முன்னால் அடியுங்கள். இரு பாதியையும் இணைத்துக்கொண்டிருக்கும் நார்களைக் கைக்கோடரியால் அறுத்துவிடுங்கள். பிய்த்து இழுத்தால் முதுகிலிருந்து ஒரு பட்டையே கிழிந்து வரும்.

பாதி, பிறகு அதில் பாதி என்றே போக வேண்டும். மூன்றில் ஒரு பங்காகப் பிளக்க முயன்றால், பிளவு மெலிந்த பக்கத்தை நோக்கி ஓடிக் கட்டை முனையில் கத்தி போலக் கூராகிவிடும். 20 செ.மீ. விட்டமுள்ள மரத்தின் சுற்றளவு சுமார் 63 செ.மீ. கட்டைக்கு 8 செ.மீ. என்று கணக்கிட்டால் ஏழு வரும். கையில் நிற்பது 4 முதல் 6 வரைதான். ஓசேஜ் கட்டைக்கு முதுகு அகலம் 2 அங்குலம் போதும். வெள்ளை மரத்துக்கு 2½ முதல் 3 வைத்துக்கொள்ளுங்கள்.

முழு உருளையாக மட்டும் காய விடாதீர்கள். மரம் காயும்போது வளையத்தை ஒட்டிச் சுருங்குவது, நடுவை நோக்கிச் சுருங்குவதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. உருளைக்கு அந்த இழுப்பிலிருந்து விடுபட வெடிப்பதைத் தவிர வழியில்லை. பாதியாகவாவது பிளந்துவிட்டால் இழுப்பு இறங்கிவிடும்.

பட்டையையும் வெளிறையும் எடுத்துவிட வேண்டுமா?

மரத்தைப் பொறுத்தது. ஓசேஜில் இரண்டையும் எடுத்து, வைரத்தில் ஒரு வளையத்தை முதுகாக்கி, உடனே அந்த முதுகு முழுவதையும் இரண்டு மூன்று பூச்சால் அடைக்க வேண்டும். அடைக்காமல் ஓர் இரவு விட்டாலும், அதிலும் காற்றடிக்கும் இடத்தில், முதுகில் தலைமுடி போன்ற வெடிப்புகள் வந்துவிடும். நேரமில்லை என்றால் பட்டையோடேயே விடுங்கள், அரைகுறையாக உரிப்பதுதான் ஆபத்து.

வெள்ளை மரத்தில் பட்டையை மட்டும் உரித்து, அந்தப் பரப்பை அடையுங்கள். யூ கட்டையில் வெளிறு வில்லின் உறுப்பு: இழுப்பைத் தாங்க முதுகில் வெளிறு, நெருக்கலைத் தாங்க வயிற்றில் வைரம். அதைப் பட்டையோடு மெதுவாகக் காயவைத்து, பிறகு வெளிறு தடித்திருந்தால் வளையம் வளையமாக 5, 6 மி.மீ. அளவுக்குக் குறைப்பார்கள்.

ஒரே வளையத்தைத் தொடர்வது என்றால் என்ன?

கட்டை தயாரிப்பின் உயிர் இதில் இருக்கிறது. ஓசேஜ், ஆஷ், ஹிக்கரி போன்ற மரங்களின் ஆண்டு வளையம் ஒவ்வொன்றிலும் இரண்டு அடுக்கு உண்டு. இளவேனிலில் வளர்ந்தது துளைகள் நிறைந்து பொறுபொறுவென்று இருக்கும். கோடையில் வளர்ந்தது கெட்டியாக இருக்கும். முதுகு முனைக்கு முனை ஒரே வளையத்தின் கோடை அடுக்காக இருக்க வேண்டும். ஓரிடத்தில் கத்தி அதைத் தாண்டிக் கீழ்வளையத்தில் இறங்கினால், அங்கே நார் அறுந்து ஒரு படி உண்டாகும். இழுப்பு அந்தப் படியில் குவியும், அடுக்கு தூக்கிக்கொண்டு முறியும்.

முதலில் வெட்டுமுகத்தைச் சுத்தமாக இழைத்து வளையங்களைப் பாருங்கள். கோடை அடுக்கு 3 மி.மீ. அளவில் இருந்து, இளவேனில் அடுக்கு மெல்லிய கோடாக இருந்தால் அருமையான கட்டை. மெல்லிய வளையம் உள்ள கட்டையிலும் நல்ல வில் வரும், ஆனால் தொடர்வதற்கு இரண்டு மடங்கு பொறுமை வேண்டும். வெளி வளையங்களில் பூச்சித் துளையோ வெடிப்போ இருந்தால் அதற்குக் கீழே ஆரோக்கியமான ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கையாலும் பிடித்துத் தன்பக்கம் இழுக்கும் இழுப்புக்கத்திதான் கருவி. மேல் வளையங்களைத் தாராளமாக எடுக்கலாம். குறித்த வளையத்துக்கு மேலே ஒரு வளையம் மிச்சம் இருக்கும்போது வேகத்தைக் குறையுங்கள். இங்கே கூர் மழுங்கிய கத்தியே மேல். கூரான கத்தி கோடை அடுக்குக்குள் சட்டென்று இறங்கிவிடும். மழுங்கியது இளவேனில் அடுக்கில் பிய்த்துக்கொண்டு கெட்டியான அடுக்கின் மேல் வழுக்கிப் போகும். காதையும் பயன்படுத்துங்கள். துளையடுக்கில் கத்தி அப்பளம் நொறுங்குவது போலக் கரகரக்கும், கோடை அடுக்கைத் தொட்டதும் சத்தம் மாறும். விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாக வைத்தால் மிச்சமுள்ள துளையடுக்கு மங்கலாகவும், தெளிந்த வளையம் பளபளப்பாகவும் தெரியும். கடைசித் துளைத்தூளைச் சுரண்டு தகட்டால் எடுங்கள். களைப்பு வந்ததும் நிறுத்திவிடுங்கள், பெரும்பாலான தவறுகள் கடைசி அரை அடியில் அவசரப்படும்போதுதான் நேர்கின்றன. அன்று முடிக்க முடியாவிட்டால் செய்தவரை பசை பூசி அடைத்துவிட்டு எழுங்கள்.

முதுகில் கணு வந்தால்?

கணுவைச் சுற்றி நார் ஆற்றுநீர் பாறையைச் சுற்றுவது போல வளைந்து போகும், வளையமும் அங்கே மேடாகும். மேட்டைச் சமப்படுத்தாதீர்கள், வளையத்தோடு சேர்ந்து ஏறி இறங்குங்கள். விரல்நகம் அளவுள்ள கணு பிரச்சினையில்லை. அதைச் சுற்றி அகலம் கொஞ்சம் கூடுதலாக விடுங்கள். விளிம்பில் பாதி வெட்டுப்பட்ட கணுதான் ஆபத்தானது.

காய எவ்வளவு நாள் ஆகும்? காய்ந்ததை எப்படி அறிவது?

ஓர் அங்குலத் தடிமனுக்கு ஓராண்டு என்பது பழைய கணக்கு; பிளந்த முழுக்கட்டைக்கு ஒன்றிரண்டு ஆண்டு. சீக்கிரம் வேண்டுமென்றால் பச்சையாக இருக்கும்போதே வில்லின் வடிவத்துக்குப் பருமனாகச் செதுக்கிவிடலாம்: அகலம் 2 அங்குலம், கைகளின் தடிமன் முக்கால் முதல் ஓர் அங்குலம், நடுப்பிடியில் முழுத்தடிமன். இப்படிக் குறைத்த கட்டை நிழலில் 2, 3 மாதத்தில் காய்ந்துவிடும். அதை நேரான பலகையில் கட்டி வைக்காவிட்டால் மட்டும் தன்னிஷ்டத்துக்கு வளையும்.

சேர வேண்டிய ஈரம் 8 முதல் 10 சதவீதம். ஹிக்கரி 7 வரை இறங்கினாலும் நன்றாகவே இருக்கும். 12க்கு மேலே இருந்தால் வயிற்றில் நார்கள் நசுங்கி, நாணை இறக்கிய பின்னும் வில் வளைந்தே நிற்கும். அந்த வளைவு திரும்பாது. 6க்குக் கீழே போனால் மரம் மொறுமொறுப்பாகி, இழுக்கும்போது வெடித்துச் சிதறக்கூடும்.

எத்தனை ஆண்டு வைத்தாலும் மரம் சுற்றியுள்ள காற்றைவிட அதிகமாகக் காயாது. சுமார் 21° செல்சியசில் காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக இருந்தால் மரம் 9 சதவீதத்தில் நிற்கும். 65 என்றால் 12. 80 என்றால் 16. அதனால்தான் "ஐந்து வருஷம் காய்ந்த கட்டை" என்ற சொல் தனியாக ஒன்றையும் நிரூபிப்பதில்லை. கடலோர ஊரில் ஈரப்பதம் 70ஐத் தாண்டியே இருந்தால், மொட்டைமாடி அறையில் பத்தாண்டு கிடந்தாலும் கட்டை 13ஐ ஒட்டித்தான் நிற்கும்.

நம்பகமான வழி எடை. கிராம் காட்டும் தராசில் வாரம் ஒருமுறை எடைபோட்டுக் கட்டையிலேயே பென்சிலால் எழுதி வாருங்கள். தொடர்ந்து இரண்டு மூன்று வாரம் எடை அசையாவிட்டால் காற்றோடு சமநிலைக்கு வந்துவிட்டது. சதவீதம் துல்லியமாக வேண்டுமென்றால், செதுக்கும்போது கட்டையின் நடுப்பகுதியில் விழுந்த ஒரு துண்டை எடை போட்டு, 103° செல்சியஸ் அடுப்பில் எடை குறைவது நிற்கும்வரை வையுங்கள். ஒரு நாள் ஆகும். 57 கிராம் 50ஆகக் குறைந்தால், போன நீர் 7; அதை 50ஆல் வகுத்தால் 14 சதவீதம். இன்னும் காய வேண்டும்.

சூட்டுப்பெட்டியில் வைத்து விரைவுபடுத்தலாமா?

கடைசிக் கட்டத்துக்கு மட்டும். ஒட்டுப்பலகைப் பெட்டிக்குள் குண்டுபல்பு ஒன்றிரண்டு, கீழும் மேலும் காற்றுத்துளை, உள்ளே வெப்பமானி; 32 முதல் 38 டிகிரிக்குள் நிற்க வேண்டும். பச்சைக்கட்டையை நேராக வைத்தால் மேற்பரப்பு காய்ந்து இறுகும், உள்ளே நீர் சிக்கும், கட்டை முழுவதும் வெடிப்பு. குறைந்தது ஒரு மாதம் நிழலில் காய்ந்து, எடை குறைவது மெதுவான பிறகே பெட்டி. வெயிலில் சாய்த்து வைப்பதும் காருக்குள் போட்டு வைப்பதும் பெட்டியைவிட மோசம். அங்கே சூட்டை நாம் கட்டுப்படுத்த முடியாது.

விரிசல் விட்டுவிட்டது. கட்டை போயிற்றா?

விரிசலின் திசையைப் பாருங்கள். நாரோட்டத்தோடு நீளவாக்கில் ஓடி, வில்லின் அகலத்துக்குள்ளேயே முடிந்தால் நீர்போன்ற சூப்பர்குளூவை ஊற்றி நிரப்பித் தொடரலாம். விளிம்பை நோக்கிச் சாய்ந்து வெளியேறினால், அந்த விளிம்புக்கு உள்ளாகவே வில் அடங்குமா என்று கோடு போட்டுப் பாருங்கள். குறுக்கே ஓடும் விரிசல் என்றால் அடுப்புக்குத்தான்.

பூச்சி வராமல் எப்படிக் காப்பது?

பல பூச்சிகள் பட்டையிலோ அதற்கு அடியிலோ முட்டையிடும். ஓசேஜிலும் ஆஷிலும் துளைப்புழு வெளிறை அரிக்கும். ஓசேஜின் வைரத்தை அது பெரும்பாலும் தொடாது. ஹிக்கரி, ஆஷ் வெளிறில் மாச்சத்து இருப்பதால் மரத்தைப் பொடியாக்கும் வண்டும் வரும். மாவு போன்ற தூள் தரையில் விழுந்தால் அந்தக் கட்டையை மற்றவற்றிலிருந்து உடனே பிரியுங்கள். பட்டையை எடுத்துப் போராக்ஸ் கரைசல் பூசி, கட்டைகளைத் தரையில் படாமல் காற்றோட்டமாக அடுக்குவதே போதுமான காப்பு. ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டால் பூஞ்சையும் தலைகாட்டாது. ஆஷ் மரத்தை வேறு ஊருக்கு எடுத்துப் போகும் முன் உள்ளூர் விதியைக் கேளுங்கள். 2002இல் மிச்சிகனில் கண்டறியப்பட்ட மரகதத் துளைவண்டு விறகோடும் கட்டையோடும் பயணித்தே பரவியது.

மரக்கடைப் பலகையில் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் நூறு பலகை புரட்டினால் ஒன்று கிடைக்கும். முகத்திலும் இரு பக்கங்களிலும் நார்க்கோடு முனைக்கு முனை ஓட வேண்டும், நடுவில் விளிம்பைத் தாண்டி வெளியேறக் கூடாது. ஹிக்கரி, ரெட் ஓக், ஹார்டு மேப்பிள் பலகைகளில் பார்க்கலாம். சூளையில் காய்ந்தது என்பதால் ஈரக்கவலை குறைவு.

தமிழ்நாட்டில் இருந்து செய்ய நினைப்பவர்களுக்கு?

இந்திய ஆதிவாசி மக்கள் பலரின் வில் மூங்கிலே. மூங்கிலில் வளையம் தொடரும் வேலையே இல்லை; வெளித்தோலை ஒட்டியே வலுவான நார் நெருங்கியிருப்பதால் அதுதான் ஆயத்த முதுகு. துளை சிறுத்த கல்மூங்கிலில் முற்றிய கழியை எடுத்துப் பிளந்து, முதுகுப் பக்கம் கணு மேடுகளை லேசாக மட்டும் தேய்த்து, உட்புறத்தைச் செதுக்குவார்கள். முற்றாத மூங்கில் காயும்போது சுருங்கி ஒட்டிப்போகும். முசுக்கட்டையின் வைரமும் நல்ல வில்மரம். ஆனால் பட்டுப்புழுத் தோட்டங்களில் கவாத்து செய்து புதராக வைத்திருப்பதால் 6 அடி நேரான அடிமரம் அரிது. பழைய வேலியோர மரத்தைத் தேடுங்கள். காட்டுமரத்தை அனுமதியின்றி வெட்டுவது குற்றம்.

பல்லாண்டு வெளியில் கிடந்த பழைய மரம் உதவுமா?

ஹிக்கரி, மேப்பிள், எல்ம் என்றால் பெரும்பாலும் உளுத்திருக்கும். ஒரு சிம்பைப் பெயர்த்து ஒடித்துப் பாருங்கள். நீளநாராகக் கிழிந்தால் உயிர் இருக்கிறது. பிஸ்கட் போலப் பட்டென்று ஒடிந்தால் விட்டுவிடுங்கள். ஓசேஜ் மட்டும் விலக்கு. முள்கம்பி வருவதற்கு முன் அமெரிக்கச் சமவெளியில் அதை உயிர்வேலியாக நட்டார்கள், பிறகு வேலிக்கம்பமாகவும் அடித்தார்கள். பல பத்தாண்டு மழையில் நின்று சாம்பல் நிறமேறிய அந்தக் கம்பங்களில் வெடிப்புக்கு இடைப்பட்ட பகுதியைப் பிளந்து, அரை அங்குலம் உள்ளே போனால் மஞ்சள் வைரம் அப்படியே இருக்கும். நீளம் போதாவிட்டால் இரண்டு துண்டுகளைப் பிடியில் வால்வெட்டு இணைப்பாக (ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும்படி வெட்டி ஒட்டுவது) சேர்ப்பார்கள். அதற்கு ஒரே கம்பத்தில் அடுத்தடுத்துப் பிளந்த இரண்டையும் எடுத்து, இரண்டிலும் ஒரே வளையத்தை முதுகாக்குங்கள்.